பாட்டு நம்பரில் தேறிய நாற்காலிகள்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி, பதினொன்றரை ஆவதற்குள் இருபது நாற்காலிகளையும் சோதித்து முடித்துவிட்டாள் சுசீலாபாய். இருபதும் தேறின. வேறு கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவளாக இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பாள். இவளோ அந்த நிமிஷத்திலிருந்து அலைய ஆரம்பித்தாள். பட்டறைக்குள் வருவாள், அடுக்கி வைத்த நாற்காலிகளை ஒரு சுற்றுச் சுற்றுவாள், வாசலில் போய் மழையைப் பார்ப்பாள், மறுபடியும் உள்ளே வருவாள்.

"என்ன சுசீலா, எதையாவது தொலைச்சிட்டியா?" என்று கேட்டேன்.

"இருபதுக்கு இருபது, அண்ணாச்சி. ஆடி மாசக் கர்க்கடக மழையில."

"எனக்க சாதனமாக்கும், இந்த நேசையனுக்க. தேறாம எங்க போவும்?"

அவள் நகத்தால் தன் உள்ளங்கையைச் சுரண்டிக்கொண்டே போனாள்.

என்னைப் பற்றி நாலு வரி சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. நான் படித்தது அஞ்சாம் கிளாஸ். பதினாலு வயதில் பாறசாலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வரும்போது கையில் ஒரு உளிகூடக் கிடையாது. இன்றைக்கு பாலராமபுரத்திலிருந்து விழிஞ்ஞம் போகிற ரோட்டில் தகரக்கூரை போட்ட பெரிய பட்டறை, முப்பத்தாறு பேருக்கு வேலை. ரப்பர் மரத்தில் நாற்காலி செய்தால் நிற்காது என்று ஊரே சொன்ன காலத்தில் நான் செய்து நிறுத்திக் காட்டினேன். இன்ஜினியர்மார் என் மேஜைக்கு முன்னால் நின்று சந்தேகம் கேட்டிருக்கிறார்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். உழைத்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

சுசீலாபாய் என்னிடம் வந்தது இருபது வருஷத்துக்கு முன்னால், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலைக்கு. அவள் புருஷன் கொத்தனார். சாரத்தில் கயிறு கட்டியவன், "கெட்டியா இருக்கு, ஏறு" என்று சொல்லியிருக்கிறான். அவர் ஏறினார், விழுந்தார். அன்று ஒடிந்த இடுப்பு நேராகவில்லை. இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் வேலைக்கு வந்தாள். வந்த மூன்றாம் மாதம், தேய்க்கக் கொடுத்த நாற்காலிகளில் மூன்றைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தாள்.

"இது என்னது?" என்றேன்.

"இதுல ஆள் இருக்கக்கூடாது, அண்ணாச்சி."

"நீ தேய்க்க வந்தவளா, தீர்ப்பு சொல்ல வந்தவளா?" என்று சத்தம் போட்டு, அதில் ஒன்றில் எல்லாரும் பார்க்க உட்கார்ந்தேன். பின்கால் விட்டுக்கொண்டு போய் என்னைத் தரையில் இருத்தியது. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "நாளை முதல் நீ செக்கிங்" என்றேன். ஆளை அறிகிற கண் எனக்கு உண்டு.

அவளிடம் பெரிய கருவி எதுவும் இல்லை. ஒரு ரப்பர் சுத்தியல், இழுத்துப் பார்க்க ஒரு வில் தராசு, மணல் கட்டிய இரண்டு சாக்கு, பழைய எக்ஸ்ரே படத்தில் வெட்டிய ஒரு துண்டு. எக்ஸ்ரே துண்டை மூட்டில் செருகுவாள். நுழைந்தால் மூட்டில் இடைவெளி. மணல்சாக்கை இருக்கையில் வைத்து, நாற்காலியைப் பின்கால் இரண்டில் நிறுத்தி, முதுகைத் தராசு மாட்டி இழுப்பாள். முனகல் கேட்டால் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. முந்நூறு செய்தால் இருபதை எடுத்துப் பார்க்க வேண்டும். ஒன்று தோற்றால் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு தோற்றால் முந்நூறும் உள்ளே திரும்ப வேண்டும். கடைசியில் தாளில் அவள் கையெழுத்து விழாமல் ஒரு நாற்காலி என் வாசலைத் தாண்டாது. வாங்குகிறவர்கள் அந்தக் கையெழுத்தைக் கேட்டு வாங்குவார்கள்.

எந்த இருபது என்பதில்தான் நாலு வருஷத்துக்கு முன்னால் சண்டை வந்தது. மூட்டு சேர்க்கிற பகுதிக்குத் தலைவன் ஷாஜி. "அக்கா நம்மக்க மேஜை நாற்காலியத்தான் தேடிப்பிடிச்சு எடுக்குது. நம்ம மேல உள்ள வைராக்கியமாக்கும்" என்று சொல்லி, ஆட்களைக் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் வேலையை நிறுத்திவிட்டான். படித்தவன் யாராவது என்றால் கமிட்டி போட்டிருப்பான். நான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உட்கார்ந்திருக்கும்போதே வழியைக் கண்டுபிடித்துவிட்டேன்.

எங்கள் தமிழ்ச் சபைக் கோயிலில் அன்றைக்குப் பாடுகிற ஐந்து பாட்டுகளின் நம்பரை ஒரு மரப்பலகையில் மாட்டி வைப்பார்கள். அந்த ஐந்து நம்பரையும் எடுத்துக்கொள். ஒவ்வொன்றோடும் எழுபத்தைந்தைக் கூட்டிக்கொண்டே போ. முந்நூறைத் தாண்டினால் முந்நூறைக் கழி. ஒரு பாட்டுக்கு நாலு நம்பர், ஐந்து பாட்டுக்கு இருபது. சனிக்கிழமையே நாற்காலி அடியில் ஒட்டிவிடுகிற சீட்டில் அந்த நம்பர் இருந்தால் அது சோதனைக்கு. கடவுளுக்கு முன்னால் மாட்டிய நம்பரில் யாருக்கு என்ன பட்சபாதம்? ஷாஜியும் ஒத்துக்கொண்டான். சபையில் இல்லாத மலையாளி ஆட்களும் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்கள். வந்துபோகிற எல்லாரிடமும் இந்த ஏற்பாட்டைச் சொல்லியிருக்கிறேன். ஒருத்தர்கூட அதில் குறை கண்டுபிடித்ததில்லை.

இந்த முறை முந்நூறு நாற்காலியும் மலைமேல் வித்துராவில் புதிதாகத் திறக்கிற ஒரு முதியோர் இல்லத்துக்கு. சனிக்கிழமை திறப்பு விழா. வியாழக்கிழமை காலை லாரி. செவ்வாயும் புதனும் அவள் கையெழுத்துப் போடவில்லை. கேட்டால், "தாள் பையில இருக்கு, அண்ணாச்சி" என்பாள். மதியச் சோற்றை நின்றுகொண்டே தின்றாள். நாற்காலி நாற்காலியாக விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஷாஜியின் ஆட்கள் கேலி பேசினார்கள்.

"அக்கா நாற்காலிக்குக் கிச்சுகிச்சு மூட்டுதா?"

"ஒனக்கு மூட்டினா சிரிப்பு வரும். இதுக்குப் பால் வருது" என்றாள் அவள். அப்போது அது எனக்கு விளங்கவில்லை.

வியாழன் காலை எட்டரைக்கு லாரி வந்து நின்றது. மழை விட்டு விட்டுப் பெய்தது. டிரைவர் தார்ப்பாயை அவிழ்க்கத் தொடங்கினான். சுசீலாபாய் என் ஆபீஸ் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். இருபது வருஷத்தில் அவள் அந்தக் கதவைச் சாத்தியது அதுதான் முதல் தடவை.

"அண்ணாச்சி, நான் கையெழுத்துப் போடல்ல."

"என்ன தோத்துது?"

"ஒண்ணும் தோக்கல்ல. அதாக்கும் காரியம். நம்பர் வந்த இருபதுலயும் பசை கண்ணாடி மாதிரி இறுகிக் கெடக்கு. அதுக்குப் பக்கத்துல உள்ளதுல நகத்த வெச்சு அமுக்கினா வெள்ளையா பால் வருது. காயல்ல. ஒரே பட்டறை, ஒரே பசை, ஒரே மழை. பாட்டு நம்பர் வந்த நாற்காலிக்கு மட்டும் எப்படி வெயில் அடிச்சுது?"

"ரெண்டு மூணு அப்படி இருக்கும். நம்பர்ல வராதது கணக்கு இல்ல."

"நேத்து சர்ச்சுல மணியடிக்குத கோயில்பிள்ளைகிட்ட கேட்டேன். பலகையில நம்பர் போடுதது அவரு. சீட்டு எழுதிக் குடுக்குதது பாட்டுக் குழு. சனியாழ்ச்ச சாயங்காலம் பயிற்சி. நம்ம ஷாஜி மே மாசம் முதல் பாட்டுக் குழுவுல உண்டு. நாற்காலிக்கு அடியில நம்பர் ஒட்டுதது அதுக்குப் பொறவு, சனியாழ்ச்ச ராத்திரி. ஒட்டுதது ஆரு?"

ஷாஜியின் ஆட்கள்தான். எனக்குத் தெரியும். ஆனால் எனக்குக் கோபம் வந்தது ஷாஜிமேல் இல்லை, அவள்மேல். நாலு வருஷமாக நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்த ஏற்பாட்டை இவள் ஒரு கதவைச் சாத்திவிட்டு மூன்று நிமிஷத்தில் உடைக்கிறாள்.

"நீ வேற நம்பர் எடுத்தா அவன் மறுபடியும் ஆளைக் கூட்டிட்டு வெளிய போவான். சனிக்கிழமை விழா. தெரியுமில்லியா?"

"தெரியும்."

"அப்பம் தாளைக் கொண்டா. நான் போடுதேன் கையெழுத்து. எனக்க கம்பெனி, எனக்க பேனா."

அவள் பையிலிருந்து தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். "போடுங்க. அதுக்கு முன்ன நீங்களே ஒரு நம்பர் சொல்லுங்க. உங்க வாயால. அது ஷாஜிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தேறினா நான் வாயைத் தெறக்க மாட்டேன்."

எனக்கு என்ன பயம்? எல்லாருக்கும் கேட்கும்படி வெளியே வந்து நின்று சொன்னேன்: "எழுபத்திரெண்டு. எனக்க வயசு."

எழுபத்திரண்டை இழுத்துக்கொண்டு வந்தார்கள். மணல்சாக்கு வைத்தாள், சாய்த்தாள், இழுத்தாள். சத்தமே இல்லை. எக்ஸ்ரே துண்டு நுழையவில்லை.

"கண்டியா!" என்றேன். லாரி டிரைவர்கூடக் கைதட்டினான். அத்தோடு நான் நிறுத்தியிருந்தால் நாற்காலிகள் மலையேறியிருக்கும். ஆனால் என் வாழ்க்கையில் நம்பருக்கா பஞ்சம்? "பதினாலு! நான் இந்த ஊருக்கு வந்த வயசு."

பதினாலின் இடது மூட்டில் எக்ஸ்ரே துண்டு பாதிவரை போயிற்று.

"ஒண்ணு தோக்கலாம்" என்றேன். "இருநூத்தி ஆறு. எனக்க முதல் கடைக்க கதவு நம்பர்."

இருநூற்று ஆறைப் பின்கால் இரண்டில் நிறுத்தி இழுத்தபோது, ஈர விறகு பிளக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. சுசீலாபாய் சாக்பீஸை எடுத்தாள். நான் விடவில்லை. கல்யாணத் தேதி சொன்னேன், அது தேறியது. எங்கள் பழைய வாடகை வீட்டு நம்பர் சொன்னேன், அது தோற்றது. என் வாயிலிருந்து வந்த எட்டு நம்பரில் மூன்று பெருக்கல் குறி வாங்கின. எட்டாவதற்குப் பிறகு எனக்கு வேறு நம்பர் ஞாபகம் வரவில்லை.

"ஷாஜி" என்றேன்.

அவன் ஓடவில்லை, ஒளியவில்லை. முன்னால் வந்து நின்றான்.

"முதலாளி, நம்மகிட்ட கிளாம்ப் நாப்பதுதானே உள்ளது. வெயில்காலத்துல மூட்டை நாலு மணி நேரம் கிளாம்புல இறுக்கிக் கட்டினாப் போதும், பசை காயும். இந்த மழையில ஒரு ராத்திரி முழுக்கக் கட்டிப்போடணும். நாள் ஒண்ணுக்கு அறுவது நாற்காலி வேணும்னு சொன்னது ஆரு? நீங்க. கிளாம்பு வாங்கணும்னு நான் மே மாசம் கேட்டப்ப, 'நான் வெறுங்கையால நாற்காலி செஞ்சவனாக்கும்'னு சொன்னதும் நீங்க."

சொன்னேன். ஞாபகம் இருக்கிறது.

"அதனால இருபதை மட்டும் ராத்திரி கட்டி வெச்சிய?"

"ஆமா. சனியாழ்ச்ச சாயங்காலம் நம்பர் கிட்டும். ராத்திரியே அந்த இருபதுல ஒட்டுவோம். பாட்டுப் பாடத்தான் போனேன் முதலாளி, சத்தியமா. நம்பரும் கூடக் கிட்டிச்சு."

பின்னாலிருந்து யாரோ சிரிப்பை அடக்கினான். எனக்கு அவனை அடிக்கக் கை ஓங்கியது. அதற்குள் சுசீலாபாய் நடுவில் வந்துவிட்டாள். அவள் கேட்டது எனக்குத் தோன்றாத கேள்வி.

"மே மாசம் முதலுன்னா, விழிஞ்ஞம் ஹாலுக்குப் போனதும் இப்படித்தானா?"

ஷாஜி தலையைக் குனிந்துகொண்டான்.

ஜூன் முதல் வாரத்தில் விழிஞ்ஞத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு முந்நூறு நாற்காலி அனுப்பியிருந்தோம். மழை தொடங்கிய வாரம். அந்தத் தாளில் சுசீலாபாயின் கையெழுத்து இருக்கிறது. ஆறு வாரமாக அதன்மேல் ஆட்கள் உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறார்கள்.

லாரியைத் திருப்பி அனுப்பினேன். வித்துராவுக்கு நானே போன் செய்து, சனிக்கிழமை வாடகைக்குப் பிளாஸ்டிக் நாற்காலி நான் இறக்கித் தருகிறேன் என்று சொன்னேன். அந்த இல்லத்தை நடத்துகிற அம்மா பேசியதெல்லாம் இங்கே எழுதத் தேவையில்லை. நான் போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சுசீலாபாயைக் காணவில்லை. குடையும் பையுமாக ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறாள்.

காரை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிறுத்தினேன். "ஏறு."

"நீங்க எதுக்கு அண்ணாச்சி? கையெழுத்து என்னுதாக்கும்."

"ஏறுன்னா ஏறு."

வழியெல்லாம் அவள் சீட்டின் நுனியில் இருந்தாள். துறைமுகத்துக்குப் போகிற பெரிய லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ஒவ்வொரு தடவை கார் நிற்கும்போதும் கதவுப்பிடியில் கையை வைத்தாள்.

"ஆராவது விழுந்திருந்தா நமக்குப் போன் வந்திருக்கும்" என்றேன்.

"எங்க வீட்டு ஆளு விழுந்தப்ப கயிறு கெட்டினவனுக்கு ஆரு போன் செஞ்சா?"

நான் முன்னால் நின்ற லாரிக்கு ஹாரன் அடித்தேன்.

மண்டபத்து வாசலில் வாழையும் சீரியல் விளக்கும் கட்டியிருந்தது. கல்யாணம். ஆடி மாதம் பார்க்காத கிறிஸ்தவர்கள். முதல் பந்தி நடக்கிறது. முந்நூறு நாற்காலியிலும் ஆள். மேனேஜரைத் தேடிப்பிடித்து, எல்லா நாற்காலியையும் ஒருமுறை 'சர்வீஸ்' பார்க்க வேண்டும் என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வை! "சேட்டா, சாப்பாடு நடக்குது. நாளைக்கு வாங்க."

நான் அவளைத் தூணோரம் இழுத்துவைத்துச் சொன்னேன்: "பந்தி எழும்பட்டும். எழும்பினதும் மேசை துடைக்குத நேரத்துல ஒவ்வொண்ணா கவிழ்த்துப் பாப்போம். ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம். எனக்க பேரு இந்த ஜில்லா முழுக்க உண்டு."

அவள் சரி என்று தலையாட்டினாள். ஐந்து நிமிஷம் நின்றாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. பிறகு சுவரோரம் இருந்த ஒரு தண்ணீர் ஜக்கை எடுத்துக்கொண்டு, பரிமாறுகிறவள் மாதிரி வரிசைகளுக்குள் நுழைந்துவிட்டாள். தண்ணீர் ஊற்றுவாள், கண் மட்டும் கீழே பின்காலில் இருக்கும். பாயசம் வந்துகொண்டிருந்தது. எல்லாரும் வயிறு நிறைந்து சாய்கிற நேரம். நான் தூணோரம் நின்று, ஒவ்வொரு முதுகும் பின்னால் சாயும்போது பல்லைக் கடித்தேன். முந்நூறு முதுகு. ஒரு குழந்தை நாற்காலிமேல் நின்று குதித்தது. ஒரு கிழவி எழும்புவதற்குக் கைப்பிடியை ஊன்றினாள். என் நாற்காலியை இப்படி நான் பார்த்ததே இல்லை.

நாலாவது வரிசையில் அவள் நின்றுவிட்டாள். பெண்வீட்டுக்காரர் போல, தங்கச் செயின் போட்ட ஒரு தடித்த மனிதர். பக்கத்தில் இருந்தவனிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டே நாற்காலியைப் பின்கால் இரண்டில் சாய்த்திருந்தார்.

"அண்ணே, எழும்புங்க."

"தண்ணி வேண்டாம், போ."

"தண்ணி இல்ல. எழும்புங்க அண்ணே."

"இன்னும் பாயசம் குடிக்கல்ல, அதுக்குள்ள எழுப்பி விடுதியா? லேய், ஆரு இவ? கேட்டரிங்காரன எங்க?"

அவள் ஜக்கைத் தரையில் போட்டுவிட்டு நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் ஓடி நாலு பேர் செருப்பை நனைத்தது. பெண்கள் சத்தம் போட்டார்கள். இரண்டு இளவட்டங்கள் வந்து அவள் தோளைப் பிடித்தார்கள். "பைத்தியமா இது?" என்றான் ஒருவன். அவள் பிடியை விடவில்லை. விட்டால் அந்த மூட்டு பிரியும் என்று அவளுக்குத் தெரியும். என்னை மட்டும் பார்த்தாள். கூப்பிடவில்லை.

நான் பேசாமல் நின்றிருக்கலாம். அவளை வெளியே கொண்டுபோய் விட்டிருப்பார்கள். மேனேஜரைத் தவிர அங்கே யாருக்கும் என் முகம் தெரியாது.

"கையெடுங்கடே!" என்று கத்திக்கொண்டு உள்ளே போனேன். "பைத்தியம் இல்ல அவ. இந்த நாற்காலி நான் செஞ்சது. பாலராமபுரம் நேசையன். பசை பிடிக்கல்ல. சாயாம, மெதுவா எல்லாரும் எழும்புங்க. குழந்தைங்களை முதல்ல எறக்குங்க."

தடித்த மனிதர் மெதுவாக முன்னால் குனிந்து எழுந்தார். அவர் பாரம் இறங்கியதும், சுசீலாபாய் கையிலேயே பின்கால் ஒன்று கழன்று வந்தது. அவர் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். எச்சில் கையோடு மறுபக்கத்து நாற்காலிக்காரியைத் தோளைப் பிடித்து எழுப்பினார். வரிசை வரிசையாக நாற்காலிகள் தரையில் இழுபடும் சத்தம் எழுந்தது. மேனேஜர் என் காதுக்குள் கத்திக்கொண்டிருந்தான். இரண்டாம் பந்திக்காரர்கள் வாசலை அடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

சுசீலாபாய் எக்ஸ்ரே துண்டை எடுத்துக்கொண்டு முதல் வரிசையின் முதல் நாற்காலியைக் கவிழ்த்துவிட்டாள்.

"நம்பரைச் சொல்லட்டா அண்ணாச்சி? எழுதுங்க" என்றாள். "இருபது போதாது. முந்நூறும் பாக்கணும்."